ஜவுளிக்கடையில் இருக்கை போடுவது எப்படி?

ஆடித் தள்ளுபடி சமயத்தில் ராத்திரி கடை மூடும்போது, சேல்ஸில் நிற்கும் பெண்ணின் கணுக்காலைப் பாருங்கள். செருப்பு வார் பதிந்த தடம் பள்ளமாகத் தெரியும். ஒரே இடத்தில் நின்றால் கெண்டைக்கால் தசைக்கு வேலையில்லை. ரத்தம் மேலே ஏறாமல் காலிலேயே தேங்கும். முதலில் வீக்கம், குதிகால் வலி. வருஷக்கணக்கில் நின்றால் நரம்பு சுருட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் கடைப் பணியாளர்களுக்கு இருக்கையைச் சட்டமாக்கின. இங்கே அது கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 22-ஏ பிரிவு. எல்லாப் பணியாளருக்கும் என்றே அது சொல்வதால், ‘நாலு பேருக்கு ஒரு ஸ்டூல்’ என்ற கணக்கு செல்லாது.

வாங்குவதற்கு முன் டேப்பை எடுங்கள். கவுண்டர் 90 செ.மீ. உயரம் என்றால் ஸ்டூல் 60 முதல் 65 செ.மீ. இருக்கட்டும். அந்த உயரத்தில் கால் தரையைத் தொடாது; உட்காரும் பலகைக்குக் கீழே 40–45 செ.மீ.யில் கால் வைக்க வளையம் வேண்டும். வளையம் இல்லாவிட்டால் தொடை விளிம்பில் அழுத்தி, கால் மரத்துப்போகும். ‘ஸ்டூல் கொடுத்தும் உட்காருவதில்லை’ என்ற புகாருக்குப் பல சமயம் இதுதான் காரணம். டைல்ஸ் தரைக்குச் சக்கரம் வேண்டாம், ரப்பர் புஷ் போட்ட நாலு கால் போதும்.

கவுண்டருக்கும் பின்னால் உள்ள ரேக்குக்கும் நடுவே 70 செ.மீ. சந்துதான் என்றால் ஸ்டூல் வழியை அடைக்கும். ஆசாரியிடம் சொல்லி, கவுண்டரின் உள்பக்கம் 50 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு மாடம் வெட்டச் சொல்லுங்கள். முழங்காலும் அதற்குள் போகும், எழுந்தபின் ஸ்டூலும் போகும். ஹேங்கர் பகுதியில் கவுண்டரே இருக்காது. அங்கே மடக்கு இருக்கையைக் கான்கிரீட் தூணில் ஆங்கர் போல்ட் போட்டு மாட்டுங்கள். ஜிப்சம் பலகைத் தடுப்பில் மாட்டினால் ஆளோடு பிய்ந்து வரும்.

இவ்வளவும் செய்து, ஃப்ளோர் சூப்பர்வைசர் ஒரு முறை முறைத்தால் போச்சு, அடுத்த நாள் ஒருத்தரும் உட்காரமாட்டார்கள். ‘தேவைப்பட்டால் உட்காரலாம்’ என்று எழுதினால் தேவையை அவர்தான் முடிவு செய்வார். ‘உங்கள் செக்‌ஷனில் வாடிக்கையாளர் இல்லாதபோது உட்காரலாம். யாரிடமும் கேட்க வேண்டாம்’ என்று எழுதி ஒட்டுங்கள். முதல் வாரம் சூப்பர்வைசரும் எல்லார் கண்ணெதிரே உட்காரட்டும்.

தீபாவளிக் கூட்டத்தில் சும்மா இருக்கும் நேரமே வராது. அப்போது முறை வைக்க வேண்டும். ஆறு பேர் உள்ள செக்‌ஷனில் மணிக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றால் எந்நேரமும் ஒருவர் ஓய்வில், ஐந்து பேர் வேலையில். ஐந்து பேர் போதாது என்றால் அந்த மாதத்துக்கு மட்டும் ஏழாவது ஆளைப் போடுங்கள். பில்லிங்கில் இருப்பவரை இழுத்து ஒப்பேற்றினால் அங்கே வரிசை நீளும், முறையும் கலையும்.

தண்ணீரையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பாத்ரூம் மொட்டை மாடியில், லிஃப்டில் ஊழியர் ஏறக்கூடாது, போக டோக்கன் வேண்டும் என்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் பின்னாலேயே வரும். டோக்கனை எடுத்துவிடுங்கள், லிஃப்டைத் திறந்துவிடுங்கள். வாட்டர் கேன் தளத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும்.

ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு சுற்று வாருங்கள். ஸ்டூல் மேல் தூசி படிந்திருந்தால் சூப்பர்வைசரிடம் பேச வேண்டும். புடவைப் பெட்டி அடுக்கியிருந்தால் அவர் மேல் தப்பில்லை, அந்த செக்‌ஷனுக்கு ரேக் போதவில்லை.