பதினேழு பெரிதா, இரண்டு பெரிதா? மல்யுத்த ஜாம்பவான்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜான் சீனா 17 முறை உலக சாம்பியன். புரூனோ சம்மார்ட்டினோ 2 முறைதான். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நான் ஒருமுறை மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். அப்போது சீனாவின் எண்ணிக்கை பதினாறில் நின்றிருந்தது. எதிரில் இருந்தவர் வயதில் மூத்தவர், பழைய ஆட்டங்களைத் தேடித்தேடிப் பார்த்தவர். நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பதினாறு தடவை பட்டம் வாங்கணும்னா, தம்பி, பதினஞ்சு தடவை அதைத் தொலைச்சிருக்கணுமே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சம்மார்ட்டினோ 1963 மே மாதம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பட்டி ரோஜர்ஸை 48 விநாடிகளில் வீழ்த்திப் பட்டம் வாங்கினார். அதை விட்டது 1971 ஜனவரியில். 2,803 நாட்கள். இரண்டாவது முறையையும் சேர்த்தால் நாலாயிரத்தைத் தாண்டும். சீனாவின் பதினேழையும் ஒன்றாகக் கூட்டினால்கூட அதில் பாதி வராது.

சரி, அப்படியென்றால் சம்மார்ட்டினோதான் பெரியவரா? அப்படிச் சொன்னாலும் அதே தவறுதான். கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறோம், அவ்வளவே. தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது ஆட்டத்துக்கு முன்பே முடிவாகிவிடும். பட்டத்தைத் தருவது எதிராளியின் தோல்வி அல்ல, நிகழ்ச்சியை நடத்துபவரின் வியாபாரக் கணக்கு. அந்தக் கணக்கு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

சம்மார்ட்டினோ காலத்தில் பணம் வந்தது டிக்கெட்டில். ரசிகர்களின் நாயகனான சாம்பியனுக்கு எதிராகப் புதிது புதிதாக ஒரு பயங்கர வில்லனை இறக்குவார்கள். தொலைக்காட்சியில் அந்த வில்லன் சின்னச் சின்ன ஆட்களைத் துவம்சம் செய்வதைக் காட்டுவார்கள். "இவனை நம்ம ஆள் எப்படிச் சமாளிப்பார்?" என்று பதறிப்போய் ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள். பட்டம் கைமாற வேண்டிய அவசியமே இல்லை. 1995 செப்டம்பரில் டபிள்யூசிடபிள்யூ நிறுவனத்தின் நைட்ரோ நிகழ்ச்சி தொடங்கி, திங்கட்கிழமை இரவுகளில் டபிள்யூடபிள்யூஎஃப்-இன் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) ராவும் அதுவும் நேருக்கு நேர் மோதியபோது கதை வேறானது. இப்போது விற்க வேண்டியது அடுத்த மாத டிக்கெட் மட்டுமல்ல, அடுத்த பதினைந்து நிமிடமும்தான். 1999 ஜனவரி 4 அன்று, ராவில் மிக் ஃபோலி பட்டம் வெல்லப்போகிறார் என்று நைட்ரோவின் வர்ணனையாளரே நேரலையில் கிண்டலாகச் சொல்ல, சுமார் 6 லட்சம் பேர் அதைப் பார்க்க சேனலை மாற்றினார்கள் என்பார்கள். பட்டம் கைமாறுவதே ஒரு விற்பனைப் பொருளாகிவிட்ட காலம் அது. 2002-இல் டபிள்யூடபிள்யூஇ தன் வீரர் பட்டியலை இரண்டாகப் பிரித்ததும் உலகப் பட்டங்களும் இரண்டாயின. எண்ணிக்கை ஏறாமல் என்ன செய்யும்?

போதாக்குறைக்கு, அந்த எண்ணிக்கையே கெட்டியானதல்ல. ரிக் ஃப்ளேருக்கு 16 என்பது அதிகாரபூர்வக் கணக்கு. 1984 மார்ச்சில் நியூசிலாந்தில் ஹார்லி ரேஸிடம் பட்டத்தை இழந்து, இரண்டு நாள் கழித்து சிங்கப்பூரில் திரும்ப வாங்கியது அந்தப் பதினாறில் இல்லை. பெண்கள் பிரிவில் ஃபேபுலஸ் மூலா 28 ஆண்டுகள் தொடர்ந்து சாம்பியன் என்பதும் இதே ரகம்தான். நடுவில் அவர் பலமுறை தோற்றிருக்கிறார், அவற்றை ஏட்டில் ஏற்றவில்லை.

இதிலிருந்து அடுத்த தவறுக்கு வரலாம். விளம்பரத்துக்குச் சொன்னதை வரலாறாக எடுத்துக்கொள்வது. 1987-இல், ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் மூன்றாவது பதிப்பில் (ரெஸில்மேனியா 3) ஹல்க் ஹோகனோடு மோதிய ஆந்த்ரே தி ஜெயண்ட் "பதினைந்து ஆண்டுகளாகத் தோற்காதவர்" என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜப்பானில் அந்நாட்டு வீரர் அன்டோனியோ இனோக்கியிடம் தோற்றிருந்தார். அவரை யாராலும் தூக்கிப்போட முடியாது என்றார்கள். 1980-இல் ஷே ஸ்டேடியத்தில் இதே ஹல்க் ஹோகன் தூக்கிப்போட்டிருக்கிறார். கூட்டம் 93,173 என்றார்கள். சுமார் 78,000 தான் என்று எழுதினார் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்ஸர். இந்த வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. படம் போட்ட ட்ரம்ப் கார்டுகளில் உயரம், எடை, ரேங்க் பார்த்துச் சீட்டைப் பிடுங்கிய காலத்தில் இதெல்லாம் உண்மை என்றே நம்பினோம். வளர்ந்த பிறகும் அதே சீட்டுகளை வைத்துச் சண்டை போட்டால் எப்படி?

ஆனால் நான் பார்த்தவரை, எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கிற தவறு இன்றைய கண்ணோடு பழைய ஆட்டத்தைப் பார்ப்பதுதான். "என்னப்பா இது, அஞ்சு நிமிஷமா கழுத்தையே பிடிச்சிட்டு நிக்கிறாங்க!" என்று சொல்லிவிட்டு வீடியோவை ஓட்டிவிடுவோம். கண்ணால் மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கூட்டத்தின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். சம்மார்ட்டினோ எதிராளியை மார்போடு அணைத்து நெரிக்கும் கரடிப்பிடிதான் அவருடைய பெரிய ஆயுதம். இன்று அது இடைவேளையில் மூச்சு வாங்கப் போடும் பிடி. ஜேக் ராபர்ட்ஸ் காலத்தில் டிடிடி (எதிராளியின் தலையைப் பிடித்துத் தரையில் மோதவைக்கும் அடி) விழுந்தால் ஆட்டம் முடிந்தது, எதிராளி எழுந்திருக்க மாட்டார். தோள்கள் தரையில் பட்டபடி மூன்று எண்ணினால் தோல்வி; இன்று டிடிடி வாங்கியவர் இரண்டு எண்ணுவதற்குள் தோளைத் தூக்கிவிடுகிறார். ஷான் மைக்கேல்ஸ் ஒரு மேட்ச் முழுக்கக் காத்திருந்து அடித்த சூப்பர்கிக், இப்போது ஒரே ஆட்டத்தில் பத்து தடவை விழுகிறது. இதனால் இன்றைய வீரர் பத்து மடங்கு வலிமையானவர் என்று ஆகாது. ஓர் உதைக்கு என்ன மதிப்பு என்று ரசிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ரெஸில்மேனியா 3-ஐயே எடுத்துக்கொள்வோம். ஒரே நாள், ஒரே அரங்கம், ஒரே கூட்டம், இரண்டு ஆட்டங்கள். முதலாவது, ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடியது. கால்மணி நேரத்துக்கும் குறைவு. ஒவ்வோர் அசைவையும் சாவேஜ் முன்கூட்டியே எழுதி வைத்து, ஸ்டீம்போட்டோடு சேர்ந்து மனப்பாடம் செய்தார். அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் ரிங்குக்குள் காதோடு காதாகப் பேசித்தான் அடுத்த அடியைத் தீர்மானித்தார்கள், அதனால் இது விசித்திரமான வழக்கம். இன்று பார்த்தாலும் அந்த ஆட்டம் ஓடுகிறது, மூச்சு வாங்குகிறது.

இரண்டாவது ஹோகன், ஆந்த்ரே ஆட்டம். ஆந்த்ரே முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வந்திருந்தார். கறுப்பு உடைக்குள் முதுகுக்குப் பட்டை கட்டியிருந்தார். நடப்பதே பாடு. ஆரம்பத்திலேயே ஹோகன் அவரைத் தூக்கப் பார்க்கிறார், முதுகு மடங்கி ஆந்த்ரே அவர்மேலேயே சரிகிறார். கிட்டத்தட்ட மூன்று எண்ணிவிடுகிறார்கள். அதன்பின் ஆட்டத்தில் பெரும்பகுதி ஆந்த்ரே நின்ற இடத்தில் நிற்பதும், ஹோகன் முதுகைப் பிடித்துக்கொண்டு துடிப்பதும்தான். நடுவில் நீண்டதொரு கரடிப்பிடி. ஆட்டங்களுக்கு நட்சத்திரத்தில் மதிப்பெண் போடும் மெல்ட்ஸர் இதற்கு மைனஸ் நான்கு கொடுத்தார். கடைசியில் ஹோகன் மறுபடி தூக்குகிறார். இந்தத் தடவை தூக்கிவிடுகிறார். அந்த நொடியில் அரங்கம் போட்ட சத்தத்தை இன்றைக்குக் கேட்டாலும் உடம்பு சிலிர்க்கிறது.

எது நல்ல ஆட்டம்? கைத்திறன் என்றால் முதலாவது, சந்தேகமே இல்லை. ஆனால் ஹோகனும் ஆந்த்ரேயும் செய்தது சுலபம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அசைய முடியாத ஒருவரை மலையாகக் காட்டி, ஒரே ஒரு தூக்கலுக்காக அத்தனை ஆயிரம் பேரைக் காக்க வைத்தார்கள். அந்தத் தூக்கலை ஐந்தாவது நிமிடத்திலேயே போட்டிருந்தால் ஒன்றுமில்லாமல் போயிருக்கும்.

நட்சத்திரம் என்றதும் இன்னொன்று. மெல்ட்ஸரின் மதிப்பெண்ணை அளவுகோலாகக் கொண்டு தலைமுறைகளை ஒப்பிடுபவர்கள் உண்டு. ஐந்துதான் உச்சம் என்றிருந்த அளவுகோலில், 2018 ஜூன் 9 அன்று ஒசாகாவில் கென்னி ஒமேகாவும் கசுசிகா ஒகாடாவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடிய ஆட்டத்துக்கு ஏழு விழுந்தது. அருமையான ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஃப்ளேர், ஸ்டீம்போட் 1989-இல் ஆடிய மூன்று ஆட்டங்கள் ஐந்து வாங்கியவை என்பதால் அவை இரண்டு நட்சத்திரம் குறைவு என்றாகிவிடுமா? ஸ்கேலின் நீளமே மாறும்போது இரண்டு சுவர்களை அதனால் அளக்க முடியாது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் வராதவரைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவதும் உண்டு. மெக்ஸிகோவில் எல் சாண்டோ நாற்பது ஆண்டுகள் முகமூடியோடு வாழ்ந்தவர். 1984-இல் இறப்பதற்குச் சில நாட்கள் முன்புதான் தொலைக்காட்சியில் அதை லேசாக விலக்கிக் காட்டினார். ஜப்பானில் மிட்சுஹாரு மிசாவா என்ற பெரிய வீரர் இருந்தார். பெண்களைப் பற்றிப் பேசும்போது இது இன்னும் மோசம். அமெரிக்காவில் பெண்களுக்குச் சில நிமிடங்கள்கூடத் தரத் தயங்கிய தொண்ணூறுகளில், ஜப்பானில் மனாமி டொயோடா ஆண்களே வியக்கும் நீண்ட ஆட்டங்களை ஆடிக்கொண்டிருந்தார். ரெஸில்மேனியாவை முடித்துவைக்கும் முக்கிய ஆட்டம் பெண்களுக்கு முதல்முறையாகக் கிடைத்ததே 2019-இல்தான். நேரமே தரப்படாத ஒருவரிடம் "உன் கிளாசிக் மேட்ச் எங்கே?" என்று கேட்பது அநியாயம்.

அப்புறம், "நிஜச் சண்டை என்றால் யார் ஜெயிப்பார்?" என்ற கேள்வி. கர்ட் ஆங்கிள் 1996 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், ஹோகனிடம் அப்படி எதுவும் இல்லை. அதனால் என்ன? இப்போது அது வெறும் கூடுதல் தகுதி. ஆனால் அந்நாள் சாம்பியன் லூ தெஸ் காலத்தில் அதுவே வேலைக்கான முதல் தகுதி. வட்டார மல்யுத்த நிறுவனங்கள் சேர்ந்து 1948-இல் உருவாக்கிய என்டபிள்யூஏ கூட்டமைப்பில், ஒரே சாம்பியன் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு வட்டாரத்தின் நாயகனோடும் ஆட வேண்டும். பேசிவைத்தபடி தோற்காமல், உள்ளூர் ஆள் நிஜமாகவே மடக்கிப் பட்டத்தைப் பறித்துவிட்டால்? அதைத் தடுக்கும் அளவுக்கு உண்மையான பிடி தெரிந்தவரிடம்தான் பெல்ட்டை நம்பிக் கொடுத்தார்கள்.

இங்கேதான் ஒப்பீட்டுக்கான சரியான கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் காலம் அவரிடம் என்ன வேலையைக் கொடுத்தது, அதை எவ்வளவு நன்றாகச் செய்தார்? ஃப்ளேருக்கு, இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு வேறோர் ஊர். மண்டியிட்டுக் கெஞ்சுவார், மூலைக் கம்பத்துக்கு மேலே தலைகீழாகப் பறந்து விழுவார், பட்டத்தை மயிரிழையில் காப்பாற்றிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் அந்த ஊர் முழுக்க "நம்ம ஆள் கொஞ்சத்துல விட்டுட்டார்" என்று பேசும். உள்ளூர் நாயகன் முன்பைவிடப் பெரியவனாகியிருப்பான். 2020 முதல் 2024 வரை 1,316 நாட்கள் பட்டத்தை வைத்திருந்த ரோமன் ரெய்ன்ஸுக்குக் கொடுத்த வேலை வேறு. ஆடியது கொஞ்சம். ஒரு குடும்பக் கதையை வாரக்கணக்கில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, முகபாவத்தாலேயே நகர்த்த வேண்டும். எதிராளியைப் பெரியவனாக்கியதில் ஃப்ளேர் ஒரு படி மேல் என்பது என் கட்சி. ஆனால் ஒரே கதையை அத்தனை நாள் ஆறவிடாமல் வைத்திருந்ததில் ரெய்ன்ஸுக்கு நிகராகச் சட்டென்று ஒரு பெயர் சொல்ல எனக்கு வரவில்லை.

(ஒரு ஒப்புதல்: நான் முதலில் பார்த்தது ஸ்டீவ் ஆஸ்டின் காலம். அவர் அரங்கத்துக்குள் வரும்போது ஒலிக்கும் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டாலே இன்னும் நிமிர்ந்து உட்காருகிறேன். யாரை மேலே வைத்து எழுதும்போதும், அந்தச் சத்தம் என் காதில் கேட்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.)

காலங்களைத் தாண்டி நேராகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய தருணங்களும் இருக்கின்றன. 1971 ஜனவரி 18, இவான் கோலோஃப் சம்மார்ட்டினோவை அழுத்தி மூன்று எண்ணிவிட்டார்கள். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு சத்தமும் இல்லை. அடிபட்டதில் தன் காதுதான் போய்விட்டது என்று நினைத்ததாக சம்மார்ட்டினோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2014 ஏப்ரல் 6, ரெஸில்மேனியாவில் 21 முறை தோற்காத அண்டர்டேக்கரை பிராக் லெஸ்னர் அழுத்தினார். மூன்று எண்ணியாயிற்று. அந்தப் பெரிய அரங்கமும் அப்படியே உறைந்துபோனது. திரையில் 21-1 என்று வந்த பிறகும், கூட்டத்தில் பலர் திறந்த வாயை மூடவில்லை.