முதல் பத்தியிலேயே நின்றுபோகும் கதையை முடிப்பது எப்படி?

சிறுகதை எழுத ஆசைப்பட்டு மூன்று வருடம் ஒரு கதையைக்கூட நான் முடிக்கவில்லை. நோட்டு நிறைய முதல் பத்திகள்தான் இருந்தன. திறமை போதவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். எழுதும்போதே திருத்திக்கொண்டும் இருந்ததுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. அதிலிருந்து வெளியே வந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

படி 1: நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

தினமும் ஒரே நேரம், இருபது நிமிடம் போதும். ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் அஞ்சல் துறையில் வேலை பார்த்தபடியே காலை 5.30 மணிக்கு எழுத உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று கணக்கு வைத்திருந்தார். அவருடைய ஒழுங்கை எடுத்துக்கொள்ளுங்கள், சொல் கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாக வருவது தமிழில் 'பார்த்துக்கொண்டிருந்தான்' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். அந்த எண்ணிக்கையைத் துரத்தி நான் வீணாகச் சோர்ந்திருக்கிறேன். ஒரு பக்கம் அல்லது இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: முதல் வரைவைக் கையால் எழுதுங்கள்

கோடு போட்ட சாதாரண நோட்டு, ஒரு பென்சில். அழிரப்பர் வேண்டாம். கணினியில் அழிப்பது சுலபம், அதனாலேயே முதல் வரைவுக்கு அது ஆகாது என்பது என் உறுதியான கருத்து. தட்டச்சு இரண்டாம் வரைவுக்குத்தான். அதற்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று தட்டினால் புள்ளி தானாக விழும். முதல் வாரம் கை தடுமாறும், பிறகு யோசிக்கவே வேண்டியிருக்காது.

படி 3: சந்தேகத்தை வட்டமிட்டுவிட்டு நகருங்கள்

நான் விழுந்த இடம் இதுதான். 'அந்த பெண் கதவை திறந்தாள்' என்று எழுதுவேன். ஒற்று வருமா என்று சந்தேகம் வரும். இலக்கணப் புத்தகத்தைப் புரட்டுவேன், அரை மணி நேரம் போய்விடும். திரும்பி வந்தால் அவள் ஏன் கதவைத் திறந்தாள் என்பதே எனக்கு மறந்திருக்கும். பள்ளியில் சிவப்பு மையில் வாங்கிய சுழிகள் நம்மில் பலருக்குள் இன்னும் இருக்கின்றன. தமிழில் எழுதத் தயங்குகிறவர்களிடம் பேசினால் பாதிப் பேர் இந்தப் பயத்தைத்தான் சொல்கிறார்கள்.

சந்தேகம் வந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். கதை முடியும்வரை அந்த வட்டத்தைத் தொடக்கூடாது.

முடிந்தபின் வேறொரு நாளில் வட்டங்களை மட்டும் பாருங்கள். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னும், ஐ, கு உருபுகளுக்குப் பின்னும் க, ச, த, ப வரிசை எழுத்து வந்தால் ஒற்று மிகும்: அந்தப் பெண், கதவைத் திறந்தாள், ஊருக்குப் போனாள். என் வட்டங்களில் பெரும்பகுதி இவற்றிலேயே தீர்ந்துவிட்டது. மீதிக்கு நாவி என்ற இணையச் சந்திப்பிழை திருத்தி உதவும். அது காட்டுவதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள், உரையாடலில் பேச்சுவழக்கைத் தொடவே விடாதீர்கள். 'நாளைக்கு வர்றேன்' என்று சொல்லும் பாட்டி 'நாளை வருகிறேன்' என்றால் அவள் நம் பாட்டி இல்லை.

படி 4: வாய்விட்டுப் படியுங்கள்

மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

படி 5: ஒருவரிடம் மட்டும் கொடுங்கள்

'நல்லாயிருக்கா?' என்று கேட்டால் 'நல்லாயிருக்கு' என்றுதான் பதில் வரும். 'எந்த இடத்துல கவனம் வேற எங்கயாவது போச்சு?' என்று கேளுங்கள். அக்காவிடம் அப்படிக் கேட்டபோது இரண்டாம் பக்கத்தில் விரல் வைத்தார். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன், கதை நிமிர்ந்தது.

பிற்சேர்க்கை: கைக்குழந்தையோடு இருபது நிமிடம் ஏது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, நான் யோசிக்கத் தவறியது. குழந்தையைத் தூங்கவைக்கும்போது அடுத்த காட்சியை அலைபேசியில் மெதுவாகப் பேசிப் பதிவுசெய்து பாருங்கள் என்றேன். குரல் தட்டச்சை நான் சொல்லவில்லை. திரையில் பிழையைப் பார்த்ததும் திருத்தக் கை போய்விடும். ஒலிப்பதிவில் திருத்த எதுவும் இல்லை. முதல் கதை ஒன்பது பதிவுகளில் முடிந்ததாகப் போன வாரம் எழுதியிருந்தார்.