வாட்ஸ்அப்பில் வரும் பறவைப் படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்

நண்பர் எடுத்த பறவை, பட்டாம்பூச்சிப் படத்தை, உயிரினங்களைப் பார்த்த இடம், தேதியோடு பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்தில் பதிவேற்றப் போகிறீர்களா? அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்காமல், 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, உள்ளே பதிவாகியிருக்கும் இடம், தேதி விவரங்களையும் நீக்கிவிடும். டாக்குமெண்ட்டாக வந்தால் மூலக்கோப்பு அப்படியே கிடைக்கும். "எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது" என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. இடமும் தேதியும் இல்லாத பதிவு அந்தத் தளத்தில் 'ஆய்வுத் தரம்' (Research Grade), அதாவது ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்ற தகுதி, பெறாது. எவ்வளவு அழகான படமானாலும் உயிரினப் பரவல் வரைபடத்துக்கு அதனால் பயனில்லை.

படமெடுத்தபோது கேமராவில் இருப்பிட வசதி அணைந்திருந்தால் மூலக்கோப்பிலும் இடம் இருக்காது; அதை வரைபடத்தில் கையால்தான் குறிக்க வேண்டும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. நட்சத்திர ஆமை, தேவாங்கு போல கடத்தல்காரர்கள் தேடும் உயிரினங்களின் மூலக்கோப்பைக் குழுக்களில் தயவுசெய்து பகிராதீர்கள். அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே பொதுப்பார்வையிலிருந்து மறைக்கும். வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் கோப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவற்றைப் படமெடுத்தவரே நேரடியாகத் தளத்தில் பதிவேற்றட்டும்.