மலையிலிருந்து ட்ராக்குக்கு: முதல் ட்ராக் டேக்கு பிரேக் பேடு தேர்ந்தெடுப்பது எப்படி?

நீலகிரியில் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு பிரேக்கின் அருமை தெரியும். ஏறிய கியரிலேயே இறங்கு, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காதே என்பது லைசென்ஸ் வாங்கும் முன்பே நம் காதில் விழுந்த பாடம். ஆனால் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு, சொந்தக் காரை வேகமாக ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டேக்காக முதல் முறை காரை எடுத்துப் போகிறவருக்கு அந்தப் பாடம் பாதிதான் உதவும். சுழலும் டிஸ்கைக் கவ்விக் காரை நிறுத்தும் பிரேக் பேடையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். 1,200 கிலோ கார் என்றால் அந்த இறக்கத்தில் வெளியாகும் ஆற்றல் சுமார் 17 மெகாஜூல். அது ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியாகிறது, கணிசமான பங்கை எஞ்சினே வாங்கிக்கொள்கிறது. ட்ராக்கில் அதே கார் 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு மூன்று நொடியில் குறைந்தால், அந்த ஒரே மிதிக்கு 0.7 மெகாஜூல். இப்படி இருபத்தைந்து முறை மிதித்தால் மலை முழுக்க இறங்கிய ஆற்றல் சேர்ந்துவிடும். ஏழெட்டு லேப் (ட்ராக்கை ஒரு முறை சுற்றுவது) போதும். அதில் பெரும்பங்கு முன் சக்கரப் பேடுகள் தலையில்தான் விழுகிறது.

படி 1: அதே பேடோடு வீட்டுக்குத் திரும்புவீர்களா?

பேடு வாங்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். டிரெய்லரில் காரைக் கொண்டுபோகிறவர் ரேஸ் பேடே வாங்கலாம். நம்மில் பெரும்பாலோர் ஓட்டிக்கொண்டுதான் போகிறோம், ஓட்டிக்கொண்டுதான் மலையேறுகிறோம். நமக்கு ரேஸ் பேடு வேண்டவே வேண்டாம்.

காரணம் சூடு. முழு ரேஸ் பேடு நன்றாகச் சூடேறிய பிறகுதான் ஒழுங்காகப் பிடிக்கும். மார்கழிக் காலையில் ஊட்டியில் உறைபனி விழுந்திருக்கிறது. எஞ்சின் பிரேக்கிங்கில் ஒழுங்காக இறங்கி வருகிறீர்கள், அதனாலேயே பேடு சூடாகவில்லை. அப்போது கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால், மிதித்த கணமே பிடிக்கிற பேடுதான் வேண்டும். காரோடு வந்த கம்பெனி பேடு அதைச் செய்யும். ஆனால் ட்ராக்கில் சில லேப்பிலேயே சூடு தாங்காமல் கைவிட்டுவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் இருக்கும், சாலைக்கும் ட்ராக்குக்கும் பொதுவான ரகத்தைத் தேடுங்கள். ஃபெரோடோ டிஎஸ்2500 இந்த ரகம்: 20 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சராசரி உராய்வு எண் 0.42 (எண் கூடினால் பிடிப்பு கூடும்). போர்ஷே கேமன் ஆனாலும் போலோ ஜிடி ஆனாலும், முதல் வருடத்துக்கு இந்த ரகமே போதும் என்பது என் கருத்து.

படி 2: பேடின் முதுகைப் படியுங்கள்

பல பேடுகளின் ஓரத்திலோ முதுகுத் தகட்டிலோ இரண்டு எழுத்துகள் அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். இ (E) என்றால் 0.25 முதல் 0.35, எஃப் (F) என்றால் 0.45 வரை, ஜி (G) என்றால் 0.55 வரை. எஃப்.இ. என்று இருந்தால் சூடேற ஏற பிடிப்பு குறைகிறது என்று பொருள். அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் இந்த எழுத்துகளைத் தரும் சோதனை சுமார் 340 டிகிரியோடு நின்றுவிடுகிறது, ட்ராக் அதைத் தாண்டும். எனவே தயாரிப்பாளர் தரும் வெப்ப வரம்பையும் சேர்த்தே பாருங்கள்.

படி 3: பிரேக் ஆயில்

பேடுக்குச் செலவு செய்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நமக்கோ இரண்டு பருவமழையும் உண்டு, மற்ற மாதங்களில் மூடுபனி. புதிய டாட் 4 (DOT 4, பிரேக் ஆயிலின் ஒரு தரப் பிரிவு) ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. சுமார் 3.7 சதவீதம் நீர் ஏறிவிட்டால் அந்தக் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் தரைக்குப் போய்விடும்.

அதனால் ட்ராக் டேக்கு முந்தைய வாரம் ஆயிலை முழுசாக மாற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்துவிடுங்கள் (குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றுவது). டாட் 4 போதும். இன்னும் நல்லது வேண்டுமென்றால் மோட்டுல் ஆர்பிஎஃப் 600, புதிதாக இருக்கும்போது கொதிநிலை 312 டிகிரி. டாட் 5 என்பது சிலிகான் ஆயில், அதைக் கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, அது சரி.

படி 4: கோவையில் மாட்டுங்கள்

புதுப் பேடு டிஸ்கோடு பழகும் முன் முழுப் பிடிப்பைத் தராது. ஆகவே பழைய பேடோடு மலையிறங்கி, கோவையில் தெரிந்த மெக்கானிக்கிடம் புதியதை மாட்டச் சொல்லுங்கள். பழையது டிக்கியில் ஸ்பேராகக் கிடக்கட்டும். சக்கரத்தைக் கழற்றும்போதே பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பரின் ரப்பர் உறை வெடித்திருக்கிறதா, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடர் பின் தடையில்லாமல் நகர்கிறதா, டிஸ்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேடைப் பழக்குவதற்கு முதல் செஷனை (ட்ராக்கில் ஓட்டக் கிடைக்கும் ஒரு முறை) ஒதுக்குங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபதுக்கு, அழுத்தமாக ஆனால் முழுக்க நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை. அப்புறம் பிரேக்கைத் தொடாமல் இரண்டு லேப் ஆறவிடுங்கள். பேடு தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். தயவுசெய்து இதை ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைச்சாலையில் செய்யாதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவு உள்ள அந்தச் சாலையில் ஊர்க்காரர்கள் போகிறார்கள், யானையும் கடக்கிறது.

படி 5: செஷனுக்கு நடுவே

பெடல் இரண்டு விதமாகப் பேசும். பெடல் கல்லாக இருக்கிறது, கார் மட்டும் நிற்கவில்லை என்றால் பேடு சூடு தாங்கவில்லை. பெடல் பஞ்சாகி உள்ளே போகிறது என்றால் ஆயில் கொதித்துவிட்டது. இரண்டிலும் வேகத்தைக் குறைத்துப் பிட்டுக்குள் (ட்ராக் ஓரத்தில் கார் நிறுத்துமிடம்) வாருங்கள். முதலாவது ஆறினால் பெரும்பாலும் சரியாகும். இரண்டாவதுக்கு ஏர் எடுக்காமல் திரும்ப ட்ராக்கில் இறங்கக் கூடாது.

எவ்வளவு சூடாகிறது என்று தெரிய வேண்டுமானால் டிஸ்க் விளிம்பில் பூசும் வெப்பப் பெயின்ட் கிடைக்கும். பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560லும், சிவப்பு 610லும் நிறம் மாறும். ஆரஞ்சு மாறியிருந்தால் மேலே சொன்ன நடுத்தர ரகம் உங்களுக்குப் போதவில்லை. அடுத்த முறை ஒரு படி மேலே போகலாம். அப்போது பேடை ட்ராக்கிலேயே மாட்டி, ட்ராக்கிலேயே கழற்ற வேண்டும்.

நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், பெடலிலிருந்தும் காலை எடுத்துவிடுங்கள். சூடான பேடு ஒரே இடத்தில் அழுந்தினால் டிஸ்கில் படிந்துவிடும், பிறகு மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

கடைசி செஷன் முடிந்து எல்லாம் ஆறிய பிறகு பேடின் கனத்தைப் பாருங்கள். புதிய பேடு பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். மூன்றுக்குக் கீழே தேய்ந்திருந்தாலோ, ஓரம் சாம்பல் நிறமாகி உதிர்ந்தாலோ, டிக்கியில் இருக்கும் பழைய பேடை மாட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் தாண்டுங்கள்.