மணலில் ஓடி வந்த கெண்டைக்கால் வலி: சரிசெய்த விதம்

முதல் நீண்ட மலைப்பாதை ஓட்டத்துக்காக ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையில் பழகியபோது, பத்தே நாளில் கெண்டைக்கால் இறுகி, குதிநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நாண்) வலித்தது. காரணம் பொடிமணல். ஒவ்வொரு அடியிலும் குதிகால் புதைவதால் அந்த நாண் வழக்கத்தைவிட அதிகமாக இழுபடும்.

பொடிமணல் ஓட்டத்தை வாரம் ஒரு நாள், அதுவும் 10 நிமிடம் என்று குறைத்தேன். மற்றதெல்லாம் தண்ணீர் வடிந்த ஈரமணலில். அங்கேயும் கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். போன தடத்திலேயே திரும்பி வந்தால்தான் இரண்டு கால்களுக்கும் சுமை சமமாகும். தினமும் படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றினேன்: 15 தடவை, 3 சுற்று. வலி அடங்க ஆறு வாரம் ஆனது. இதில் அவசரப்படவே கூடாது.

நம்ம பக்கம் மலை கிடையாது. ஏற்றம் பழகக் கண்மாய்க் கரைதான். சரிவில் 10 முறை ஏறி இறங்கினால் தொடை நன்றாகப் பழகும். சீமைக்கருவேல முள் மெல்லிய ஷூவைத் துளைத்துவிடும், அடிப்பாகம் தடித்ததாக வாங்குங்கள்.

குடிக்க: ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை. காலை 7 மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள்.