நைட் டூட்டில சந்தேகம் வந்தா யார்கிட்ட ஓடுவீங்க?

வார்டுக்கு புதுசா வந்த ஸ்டாஃப் நர்ஸ், ஹவுஸ் சர்ஜன் பசங்களுக்கு ஒரு குறிப்பு. போர்டுல ஒட்டியிருக்குற டூட்டி லிஸ்ட் வேற, சந்தேகம்னா எல்லாரும் நிஜமா ஓடுற ஆள் வேற. முதல் வாரமே ஒரு பேப்பர்ல எல்லார் பேரும் எழுதி, யார் யார்கிட்ட போறாங்கன்னு கோடு போட்டு பாருங்க, ஊசி போட வெயின் (ரத்தக்குழாய்) கிடைக்கலன்னா யாரை கூப்பிடறாங்க, பொட்டாசியம் ரிப்போர்ட் லேட்டானா லேப்ல யார்கிட்ட பேசறாங்க, ராத்திரி 2 மணிக்கு தயங்காம டாக்டருக்கு போன் போடறது யாரு. முக்காவாசி கோடு ஒரே அக்காகிட்ட போய் நிக்கும்.

அங்கதான் சிக்கலே. எங்க வார்டு அக்கா லீவு போட்ட அன்னிக்கு பிளட் பேங்க்ல யார்கிட்ட கேக்கணும்னு கூட தெரியாம முழிச்சோம். அவங்களுக்கு தெரிஞ்ச எக்ஸ்டென்ஷன் நம்பர், ஆள் பேரு எல்லாத்தையும் எழுதி வாங்கி நர்சிங் ஸ்டேஷன்ல ஒட்டிடுங்க.

அப்புறம் பேரு. "ஏய் டெக்னீஷியன்"னு கூப்பிட்டா யாரும் வாய தொறந்து தப்ப சொல்ல மாட்டாங்க. 2008ல டபிள்யூஎச்ஓ (உலக சுகாதார நிறுவனம்) கொண்டுவந்த ஆபரேஷன் செக்லிஸ்ட்ல, கத்தி வைக்கறதுக்கு முன்னாடி டீம்ல எல்லாரும் பேரும் வேலையும் சொல்லணும்னே ஒரு பாயின்ட் இருக்கு. டெல்லி உள்பட 8 ஊர்ல அந்த செக்லிஸ்ட்ட பயன்படுத்தி பாத்தப்போ சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு வந்துச்சு (மொத்தம் 19 பாயின்ட், பேரு மட்டுமே காரணம்னு சொல்லல).

ஷிஃப்ட் மாறும்போது பண்ற ஹேண்டோவர்ல ஆயாம்மாவையும் ஒரு வார்த்தை கேளுங்க, 12ஆம் பெட் தாத்தா ரெண்டு வேளையா சாப்பிடலங்கறது அவங்களுக்குதான் முதல்ல தெரியும்.