சர்வீஸ் விட்டு வந்த வண்டியில் வீல் நட்டைச் சரிபார்ப்பது எப்படி?

போன வருடம் மதுரையில் ஒரு கடையில் டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுக்கொண்டு மறுநாள் காலையில் திண்டுக்கல் கிளம்பினேன். வேகமாகப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. கொடைரோடு டோல்கேட்டில் வண்டி ஊர்ந்தபோது கண்ணாடியை இறக்கினால், பின்னால் இடது சக்கரத்திலிருந்து 'டக்... டக்...' என்று சத்தம், சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தடவை. ஓரங்கட்டி வீல் கப்பைக் கழற்றிப் பார்த்தேன். நான்கு நட்டில் ஒன்று வெறும் விரலுக்கே சுற்றியது. பின்சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தார்.

அதனால் சொல்கிறேன், பஞ்சரோ பிரேக் பேடோ எதற்காகச் சக்கரத்தைக் கழற்றினாலும், வண்டி கைக்கு வந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி நீங்களே பார்த்துவிடுங்கள். தேவையானது வண்டியோடு வரும் வீல் ஸ்பேனர் மட்டும்தான்.

முதலில் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விடுங்கள். ஜாக்கி வேண்டாம், சக்கரம் தரையில் அழுந்தியிருந்தால்தான் சுற்றாமல் நிற்கும். நீண்ட தூரம் ஓட்டி வந்திருந்தால் சக்கரம் ஆறும்வரை பொறுங்கள்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கண்ணால் பாருங்கள். எல்லா நட்டும் இருக்கிறதா, எல்லாம் ஒரே அளவு உள்ளே போயிருக்கிறதா, ஏதாவது ஒரு நட்டைச் சுற்றி மட்டும் துருக்கோடு வழிந்திருக்கிறதா? அப்படி ஒரு கோடு தெரிந்தால் அந்த நட்டு ஆடிக்கொண்டிருந்திருக்கலாம்.

இப்போது ஸ்பேனரை நட்டில் முழுதாக உட்காரவைத்து, கைப்பிடி உங்கள் வலது பக்கம் படுத்திருக்கும்படி வைத்துக் கீழே அழுத்துங்கள். அதுதான் டைட் ஆகும் திசை. வரிசையாகப் போகாமல் எதிரெதிராகப் போங்கள்: மேல் நட்டு, அதற்கு நேர் கீழே உள்ளது, அப்புறம் இடது, வலது. ஐந்து நட்டு உள்ள வண்டியில் ஒன்று விட்டு ஒன்று, நட்சத்திரம் வரைவது போல. ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டே போனால் ரிம் ஹப்பில் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) சாய்ந்து உட்கார்ந்துவிடும்.

எவ்வளவு பலம் கொடுப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். பெரும்பாலான சின்னக் கார்களுக்கு 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) வரை வரும். 100 என்று வைத்துக்கொண்டால், 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் சுமார் 34 கிலோ எடை கொடுக்க வேண்டும், அதாவது கையை நீட்டி உடம்பைச் சாய்த்து ஒரு நல்ல அழுத்து. அதே ஸ்பேனர் மேல் 70 கிலோ ஆள் ஏறி நின்றால் 200-ஐத் தாண்டிவிடும். போல்ட் இழுபட்டு மரை கெட்டுப்போவது அப்படித்தான், கடையில் காற்றழுத்தத்தில் நட்டு முறுக்கும் ஏர் கன்னை அளவில்லாமல் பிடித்தாலும் இதே கதைதான். முடிந்தால் ஒரு டார்க் ரெஞ்ச், அதாவது வைத்த அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லும் ஸ்பேனர், வாங்கிவிடுங்கள்; அளவை வைத்து அழுத்தி, 'டக்' என்றதும் நிறுத்திவிட வேண்டும், உறுதிக்காக என்று இன்னொரு தடவை இழுக்கக் கூடாது. நட்டு அசையாமலே 'டக்' என்றால் லூஸ் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறார்களோ என்று சந்தேகம் வந்தால் ஒவ்வொன்றாகத் தளர்த்தி மறுபடி அளவோடு முறுக்குங்கள்.

மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். வழுக்கும் மரையில் அதே அளவு பலமே போல்டைக் கூடுதலாக இழுத்துவிடும்.

நட்டு கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டால் கவலையில்லை, எது என்று குறித்து வைத்து மறுநாள் மீண்டும் பாருங்கள். அரைச் சுற்றுக்கு மேல் போனால் ரிம் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கலாம், சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முறுக்க முறுக்க நிற்காமல் சுற்றினால் மரை போய்விட்டது, அந்த வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப ஒரு தடவை பார்க்க வேண்டும். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே இருக்கும் துரு, தூசி, பெயிண்ட் எல்லாம் ஓட்டத்தில் நசுங்கும். நசுங்கிய அளவுக்கு நட்டின் பிடி தளரும். கடைக்காரர் சரியாகவே முறுக்கியிருந்தாலும் இது நடக்கும், அலாய் வீலில் கட்டாயம் பாருங்கள். நான் டைட் செய்து முடித்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்து ரிம் வரை வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டுவிடுகிறேன். காலையில் வண்டி எடுக்கும்போது குனிந்து பார்ப்பேன், கோடு ஒடிந்திருந்தால் ஸ்பேனரை எடுப்பேன்.